நீலக் காரின் வலது இருக்கை

மதியத் தூக்கம் முடிந்து எழுந்தபோது ஈத்தாலோவின் இடது கை மட்டும் வெயிலில் வெந்து சிவந்திருந்தது.

அவர் மனைவி நெல்தா முதலில் பூச்சி கடித்த தடிப்பு என்றுதான் நினைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். முழங்கைக்கு மேல், துணி மூடியிருந்த இடம்வரை, கோடு போட்டதுபோல வெளுப்பு. அதற்குக் கீழே விரல் நுனிவரை சிவப்பு. தொட்டால் சுட்டது. வலது கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து வெளிறிப்போன ஒரு கிழவரின் கை, அவ்வளவுதான். அவர் வெளியே போயிருக்க வழியே இல்லை. செருப்புக்கூட இல்லாமல் நெடுஞ்சாலைவரை நடந்துபோய் யாரோ லாரிக்காரர் கூட்டிவந்து விட்ட நாளிலிருந்து வாசல் கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் அவள்.

“கை எரியுதா, கிழவா?”

“இல்லைங்கம்மா,” என்றார் அவர். “காத்து நல்லா இருந்துச்சு.”

எந்தக் காற்று? சான் எலாதியோவில் சனவரி மாத நடுக்கோடை மதியத்தில் காற்று என்று ஒன்று இருந்தால் அது வடக்கிலிருந்து வரும் அனல்தான். அந்த நேரத்தில் ஊரில் ஒரு கதவு திறந்திருக்காது. மரப்பலகைச் சன்னல்களை இறக்கிவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். நாய்கள் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும். சில்வண்டுகள் மட்டும் அல்கரோபா மரங்களில் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், யாரோ தகரத்தை விடாமல் அறுப்பதுபோல. அப்படிப்பட்ட நேரத்தில், சன்னல் அடைத்த அரையிருட்டில், சாய்வு நாற்காலியில் ஓவியத்துக்கு எதிரே உட்கார்ந்தபடியே அவர் தூங்கியிருந்தார். வேறெங்கும் இல்லை.

ஓவியத்தைக் கொண்டுவந்தது மகள் மாரிசா. பழகிய பொருள்களைக் கண்ணில் படும்படி வையுங்கள், நினைவு கொஞ்சம் ஒட்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, கிரெமாஸ்கி என்ற உள்ளூர் ஓவியரிடம் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொல்லி, அப்பாவின் பிறந்தநாளுக்கு எடுத்துவந்தாள். ஈத்தாலோ இளைஞனாக மலைப் பந்தயங்களில் ஓட்டிய கார் அது. கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார். நீல உடம்பு, மஞ்சள் மூக்கு, மூக்குக்குக் குறுக்கே இறுக்கிய தோல் பட்டை, சைக்கிள் சக்கரம்போலக் கம்பி வைத்த சக்கரங்கள். பின்னால் மலை, முன்னால் செம்மண் சாலை. கிரெமாஸ்கிக்குக் கை நல்ல கை. தகரத்தில் படிந்த காலைப் பனியைக்கூட விட்டுவிடவில்லை.

புகைப்படத்தில் காருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஓவியத்தில் ஒருவரும் வேண்டாம் என்று மாரிசாதான் சொல்லியிருந்தாள். அந்தக் காலத்துப் பந்தயத்தில் ஓட்டுபவருக்கு வலப்பக்கம் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து வருவான். எண்ணெய் முள்ளைப் பார்ப்பான், வளைவு வந்தால் தோளில் தட்டுவான். ஈத்தாலோவுக்கு அது நிக்கானோர். கார் மலைச்சரிவில் உருண்டு தீப்பிடித்தபோது ஈத்தாலோ வெளியே வந்துவிட்டார். நிக்கானோர் வரவில்லை. அதைப் பற்றி ஈத்தாலோ தன் கலியாண வாழ்க்கை முழுவதும் வாய் திறந்ததில்லை. இப்போது மறந்தும் போயிருந்தார். அந்த முகத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுவானேன்?

கை சிவந்த சில நாளைக்குள் இன்னொன்று நடந்தது. தூக்கம் கலைந்து அவர் முகத்தைத் திருப்பியபோது முகமெல்லாம் செம்மண் தூசி. நெற்றி, கன்னம், உதடு எல்லாம் ஒரே சிவப்பு. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டங்கள் சுத்தமாக வெள்ளை. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டியவன் அதைக் கழற்றினால் இருப்பதுபோல. அறை முழுக்க விளக்கெண்ணெய் எரிந்த வாடை. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றுவார்கள். நெல்தாவுக்கு அந்த வாடை கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். முதல் நடனத்தில் அவர் சட்டையிலிருந்து வந்தது அதுதான்.

அவள் ஈரத்துணியால் துடைக்கப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நெல்தா,” என்றார். “ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட நீ?”

பெயர். நீ. போன குளிர்காலத்திலிருந்து அவள் அவருக்கு யாரோ ஒரு அம்மா, சோறு போடுகிற வீட்டுக்காரி, வாங்க போங்க. துணி கையிலிருந்து நழுவியது. சில நிமிடம் அவர் அவராகவே இருந்தார். மாத்தே தேநீர் கேட்டார். வாசனைக்குப் பெப்பெரினா இலை கிள்ளிப் போடச் சொன்னார். அவள் அடுக்களையில் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டே வாயில் துணியை வைத்து அழுதாள். குடுவையோடு திரும்பி வந்தபோது அவர் பணிவாக நிமிர்ந்து பார்த்து, “ரொம்ப நன்றிங்கம்மா” என்றார்.

பயப்பட வேண்டியவள்தான். பயந்தாள் என்றும் சொல்லலாம். ஆனால் பட்டினி கிடந்தவள் எதிரே யாராவது ரொட்டியை நீட்டினால் மாவு எங்கே அரைத்தது என்றா கேட்பாள்? மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளே அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அதற்கடுத்த நாள் நாற்காலியை ஓவியத்துக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டாள். அவர் நினைவோடு இருக்கிற நேரம் நாளுக்கு நாள் கூடியது. ஞாயிற்றுக்கிழமை மாரிசா வருவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டைக் காலர்களைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்துவிடுவாள் நெல்தா. எங்கே போகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அப்புறம் ஒரு நாள் அவர் எழவே இல்லை.

தெருவில் சன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரரின் மணி கேட்டது. அவர் தலை மார்பில் தொங்க, மூச்சு மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நீலக்கோடு போட்ட சட்டையைத் தானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்து, பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அது அப்படியே இருந்தது. அவள் உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். காதருகே பெயரைச் சொன்னாள். சில்வண்டுகள் எல்லாம் சட்டென்று ஒன்றாக ஓய்ந்தன.

அவர் கண்ணைத் திறந்தார்.

அறையை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை மடக்கி நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, தள்ளாட்டம் இல்லாமல், நேரே அடுக்களைக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடி குடித்தார். இன்னொரு சொம்பு. இன்னொன்று. தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. எவ்வளவு தாகம். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தமுறை சிவந்திருந்தது வலது கை.

அன்று இரவு அவர் இரண்டு துண்டு இறைச்சி தின்றார், ஒயின் கேட்டார், சீட்டுக்கட்டைத் தேடி எடுத்துக் கலைத்துப் போட்டார். ஞாயிறன்று மாரிசா வந்தபோது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கோர்தோபாவில் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். மாரிசா அவர் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். அப்பா திரும்பி வந்துட்டார்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நெல்தா சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் சீட்டுகளை இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தார். ஈத்தாலோ வலக்கைக்காரர்.

மாரிசாவின் கார் புறப்பட்டுப் போனதும் அவர் அடுக்களைக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் இடுப்பில் கை வைத்து, காதோரம் சொன்னார்:

“இன்னும் அதே ஒடம்புதான் உனக்கு, ஒல்லி.”

தட்டு தொட்டிக்குள் விழுந்து உடைந்தது.

ஈத்தாலோ அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒரே ஒருவன்தான் கூப்பிட்டிருக்கிறான். நடன மண்டபத்தில், ஈத்தாலோ காதுக்கு எட்டாத தூரத்தில், கிண்டலும் ஏக்கமுமாக ஒருவன். அவன் கேட்டு அவள் ஆட மறுத்தாள். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் அவனை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறந்து காட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக் கையோடு நடந்து போய் அந்த அறையின் விளக்கைப் போட்டாள்.

காருக்குள் ஆள் இருந்தது.

வலது இருக்கையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கட்டைவிரல் அளவுக்கு ஒரு மனிதர். நரைத்த தலை. நீலக்கோடு போட்ட சட்டை. பொத்தான்கள் ஒரு துளை தள்ளி. மடியின் குறுக்கே அகலமான தோல் பெல்ட். முகத்தில் இருந்தது வலியில்லை, பயம்கூட இல்லை. நடுநிசியில் கழிவறைக்கு வழி தெரியாமல் தாழ்வாரத்தில் நிற்கும்போது அவர் முகத்தில் தெரியும் அதே குழப்பம். யாராவது வந்து கைபிடித்துக் கூட்டிப் போவார்கள் என்ற அதே பொறுமை.

“பெல்ட் கழலாது,” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. ஈத்தாலோவின் குரல்தான். “கொக்கி வளைஞ்சு போச்சு. நான் எவ்வளவோ பாத்தேன். கூப்பிட்டேன் ஒல்லி. ஈத்தாலோ மேட்டுல ஏறி நின்னு திரும்பிப் பாத்தான். பாத்துட்டு ஓடினான்.”

“அவருக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் நெல்தா. “எதுவும் ஞாபகம் இல்ல. அங்க எதுக்கு உக்காந்திருக்கோம்னுகூட அவருக்குத் தெரியாது. நிக்கானோர், உன் காலப் புடிக்கிறேன். திரும்பிப் போ. அவர அனுப்பிடு.”

அவன் யோசிப்பதுபோலத் தலையைச் சாய்த்தான்.

“அங்க ரொம்பச் சூடு,” என்றான். போய்ப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது; அதே பழைய குறட்டை, அவள் பல வருடம் பக்கத்தில் படுத்துத் திட்டிக்கொண்டே கேட்ட குறட்டை.

விடிந்ததும் அவள் கிரெமாஸ்கியை வரவழைத்தாள். தூரிகையும் எண்ணெய் வண்ணமும் எடுத்து வாருங்கள், ஒரு சின்னத் திருத்தம் என்று மட்டும் சொன்னாள். ஓவியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்துக்கு அருகே குனிந்தவர், வெகுநேரம் நிமிரவே இல்லை.

“இந்த ஆள நான் வரையலயே நெல்தாம்மா. யாருகிட்ட குடுத்தீங்க?” என்றார். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். “நல்ல கை. ஆனா இந்த வண்ணம் நேத்துப் பூசினதில்ல. பாருங்க, வெடிச்சிருக்கு. அம்பது அறுபது வருசம் காஞ்சாத்தான் இப்படி வெடிக்கும்.”

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த பெல்ட்டை அழித்துவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம், மேலே கொஞ்சம் நீலத்தைத் தடவி அந்தத் தோல் பட்டையை மட்டும் மறைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். கிரெமாஸ்கி அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் இரக்கப்பட்டவர்போல நுனித் தூரிகையில் வண்ணம் தொட்டு, மூச்சை அடக்கி, அந்த மடியின் மேல் வைத்தார்.

சுர்ரென்றது. சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல.

வண்ணம் கொதித்துக் குமிழியிட்டு வழிந்தது. தூரிகை மயிர் கருகிச் சுருண்டது. கிரெமாஸ்கி விரலை வாயில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார். பெட்டியை மூடக்கூட நிற்கவில்லை. வாசலில் அவரை வழியனுப்பிவிட்டு, அந்த மனிதன், அவள் கணவனின் முகத்தோடு, சிரித்தபடி கதவைத் தாழிட்டான். சாவி இப்போது அவன் கழுத்தில் இருந்தது.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். காரின் மஞ்சள் மூக்குக்கு அடியில், செம்மண்ணுக்கு மேல், ஒரு சாம்பல் இழை. நூல்போல. புகை. காலையில் அது அங்கே இல்லை.

வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வீசினாள். அறை முழுக்க ஆவி எழுந்தது. ஆவி விலகியபோது படம் காய்ந்துபோய் இருந்தது, புகை தடித்திருந்தது. சுவரிலிருந்து கழற்றப் போனாள். சட்டம் அடுப்பாகச் சுட்டது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. மாரிசாவுக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றாள். உன் அப்பா சுவரில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? சொன்னாள். அப்பாகிட்ட குடும்மா என்றாள் மாரிசா. அவன் வாங்கிப் பேசினான். பாவம் உங்க அம்மா, தூங்கவே மாட்டேங்கிறா, இவ்வளவு நாள் என்னைப் பாத்துக்கிட்டே அலுத்துப் போயிட்டா என்று கனிவாகச் சொன்னான். மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக மாரிசா சொன்னதும் அவளுக்குக் கேட்டது.

அவள் பேசிவிட்டு வந்தபோது புகைக்கு நடுவே ஒரு நாக்கு இருந்தது. ஆரஞ்சு நிறம். அசையாமல்.

அசையாமல்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது ஓவியம். வெறும் வண்ணம். தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது தீ காரின் மூக்கில் இருந்த தோல் பட்டைக்கு வந்திருந்தது. கண்ணைத் துடைத்தாள், கண்ணாடித் தடுப்பின் விளிம்பில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. பார்வையை எடுக்கக் கூடாது.

சாய்வு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை விரித்தாள்.

இமைத்தால் போதும். ஒரு இமைப்புக்கு ஒரு மயிரிழை. கண் எரிந்தது, நீர் கோத்தது, நீருக்குள் கார் நெளிந்தது. விரல்களால் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தாள். மாற்றி மாற்றி. நேற்று இரவு முழுக்க உறக்கமில்லை. வெளியே சன்னல் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம். ஊர் மதியத்துக்கு அடங்கிக்கொண்டிருந்தது. சில்வண்டுகள் தொடங்கின. விளக்கெண்ணெய் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை. துணி தீய்வது.

காருக்குள் அவர் தலையைத் திருப்பியிருந்தார். எந்த இமைப்பில் திருப்பினார் என்று தெரியவில்லை. இப்போது நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் ஓரத்தில் புகைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் முகத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தவர்போல, புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் புன்னகையோடு.

“நான் இங்கதான் இருக்கேன், கிழவா,” என்றாள். “பாத்துட்டே இருக்கேன். பயப்படாத. நான் கண்ண எடுக்க மாட்டேன்.”

பின்னால் தரை ஓடு ஒன்று நெரிந்தது.

செருப்பில்லாத காலடி. அவசரமில்லாத காலடி. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியாது. கழுத்தின் பின்னால் மூச்சுக் காற்று. ஒயின் வாடை.

“போதும், ஒல்லி. அசந்து போயிட்ட. தூங்கு.”

“வேண்டாம்.”

“தூங்கு.”

இரண்டு கைகள் தோளுக்கு மேலாக வந்தன. தலையை உதற முடியவில்லை. நாற்காலியின் முதுகில் இறுக அழுத்திப் பிடித்தன. பிறகு, குழந்தையோடு கண்ணாமூச்சி ஆடுவதுபோல, மென்மையாக, அவள் கண்களின் மேல் படிந்தன. காய்ப்பேறிய உள்ளங்கைகள். சுண்டுவிரலில் பழைய வெட்டுக்காயத் தழும்பு. ஐம்பது வருடம் அவள் பிடித்துக்கொண்டு தூங்கிய கைகள்.

இருட்டு.

அவள் நகங்களால் பிறாண்டினாள். கடித்தாள். கைகள் நகரவில்லை.

இருட்டுக்குள் முதலில் சூடு வந்தது, முகத்தில். பிறகு வெளிச்சம். மூடிய விரல்களின் சந்துகளில் சிவப்பாக, ஆரஞ்சாக, அந்த விரல்களின் எலும்பு நிழல் தெரியும் அளவுக்குப் பிரகாசமாக. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து, சடசடப்புக்கு நடுவே, மிகப் பக்கத்தில், அந்நியர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவரின் தயக்கத்தோடு ஒரு குரல் கேட்டது.

“அம்மா... கொஞ்சம் வர்றீங்களா? இங்க என்னவோ எரியுதுங்க.”